ஒரே அட்டை, நான்கு வாயில்கள்

முதுகுப்புறத்துப் புதிர்

மேஜைமேல் வைத்துப் புழங்கும் கணிப்பொறியின் முதுகுப்புறத்தை ஒரு முறையேனும் திருப்பிப் பார்த்தவர்கள், அங்கே பச்சை, கறுப்பு, ஆரஞ்சு, சாம்பல், நீலம், இளஞ்சிவப்பு என்று நிறத்துக்கு ஒன்றாக ஆறு சிறு துளைகள் அமைந்திருப்பதைக் கவனித்திருப்பார்கள். எல்லா யந்திரங்களிலும் ஆறும் இருப்பதில்லை. மூன்றோடு நின்றுவிட்டவையும் உண்டு. ஆறும் உள்ளவற்றில் இளஞ்சிவப்பு மைக்குக்கு உரியது. நீலம் வேறு கருவியிலிருந்து ஒலியை உள்ளே வாங்குவதற்கு உரியது. எஞ்சிய நான்கும் ஒலியை வெளியே அனுப்புவதற்கென்றே ஏற்பட்டவை. ஆயினும், பெரும்பாலான வீடுகளில் பச்சைத் துளையில் மட்டுமே ஒயர் செருகியிருக்கும். மற்ற மூன்றும் வாங்கிய நாள்முதல் சும்மாவே கிடக்கும்.

வெளியே போகும் வழிகள் நான்கு இருக்கும்போது, படிக்கும் அறையில் மகள் ஒரு விரிவுரையையும், கூடத்தில் தாத்தா ஒரு கச்சேரியையும், சமையலறையில் இருப்பவர் செய்தியையும் ஒரே கணிப்பொறியிலிருந்து ஒரே சமயத்தில் கேட்க முடியாதா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. கேள்வியோடு நில்லாமல், கறுப்புத் துளையில் இன்னொரு ஜோடி ஒலிபெருக்கியைச் செருகிப் பார்த்தவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஏமாற்றமே. ஒன்று, அந்த ஜோடி வாய் திறப்பதில்லை; அல்லது, பச்சையில் ஒலிக்கும் அதே பாட்டைத்தான் அதுவும் பாடுகிறது. துளைகள் நான்காக இருந்தும் ஒலி ஏன் ஒன்றாகவே இருக்கிறது? அதை நான்காகப் பிரிக்கும் உபாயம் உண்டா? உண்டு. அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை என்பதையும் லினக்ஸ் என்னும் இயக்கமுறையைக் கொண்டு அதைச் செய்யும் வகையையும் இந்த அத்தியாயத்தில் காண்போம்.

ஒருவருக்காக அமைத்த எட்டு

இந்த நான்கு துளைகளை வகுத்தவர்களின் மனத்தில் இருந்தவர் ஒரே ஒரு மனிதர். நாற்காலியில் அமர்ந்து திரைப்படம் பார்க்கும் அவரைச் சுற்றி ஒலிபெருக்கிகளை நிறுத்தி, கதையில் முதுகுக்குப் பின்னால் ஓடிவரும் குதிரையின் குளம்பொலி அவருக்கும் முதுகுக்குப் பின்னாலிருந்தே கேட்கும்படி செய்வதுதான் அவர்களுடைய நோக்கம். அதற்காக முன்புறம் இடமும் வலமுமாக இரண்டு, பின்புறம் இரண்டு, பக்கங்களில் இரண்டு, நடுவில் ஒன்று, அடித்தொண்டையில் உறுமும் தாழ்ந்த ஒலிகளுக்கென்று ஒன்று, ஆக எட்டு ஒலிபெருக்கிகளுக்கு எட்டு வழிகள் வேண்டியிருந்தன. சேனல் எனப்படும் இவ்வழிகளை இனி நாம் தடங்கள் என்று வழங்குவோம். ஒரு துளையில் இரண்டு தடங்கள் அடங்கும். ஆகவே எட்டுத் தடங்களுக்கு நான்கு துளைகள். வழக்கமான அமைப்பில் பச்சை முன் ஜோடி, கறுப்பு பின் ஜோடி, ஆரஞ்சு நடுவும் தாழொலியும், சாம்பல் பக்க ஜோடி. கடைக்காரர்கள் செவன் பாயிண்ட் ஒன் என்று சொல்வது இதைத்தான்.

இன்டெல் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ஹெச்.டி. ஆடியோ என்னும் நியமம் எட்டுத் தடங்களுக்கு இடம் தந்த பிறகு, முன்பு விலை உயர்ந்த சவுண்ட் கார்டுகளில் மட்டும் இருந்த இந்த வசதி, சாதாரண மதர்போர்டுகளிலும் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. சுற்றிலும் எட்டு ஒலிபெருக்கி நிறுத்திப் படம் பார்ப்பவர் ஆயிரத்தில் ஒருவர் இருப்பாரோ என்னவோ. எட்டுத் தடங்களுக்கு உரிய சாமான் மட்டும் பலர் வீட்டில் இருக்கிறது. இருப்பதை உபயோகத்துக்குக் கொண்டுவருவது நல்ல காரியமே.

எண்களின் பந்தி

பிரித்துக் கொடுக்கும் விதத்தை அறிவதற்கு முன், கணிப்பொறிக்குள் ஒலி எந்த உருவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அலையாக வரும் ஒலியின் ஏற்ற இறக்கத்தை மிகக் குறுகிய கால இடைவெளிகளில் அளந்து, அந்த அளவுகளை வெறும் எண்களாக அனுப்பலாம் என்ற எண்ணம், பாரிஸ் நகரில் பணியாற்றிக்கொண்டிருந்த அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேய இஞ்சினீயருக்கு 1937-இல் உதித்தது. இன்று நம்முடைய ஒலி அட்டைகள் பெரும்பாலும் விநாடிக்கு 48,000 முறை அவ்வாறு அளந்த எண்களைக் கொண்டே வேலை செய்கின்றன. ஒவ்வோர் எண்ணையும் மின்னழுத்தமாக மாற்றி ஒயரில் ஏற்றுவது அட்டையின் தொழில்.

எட்டுத் தடங்கள் என்றால் எட்டு எண் வரிசைகள் தனித்தனியே ஓடுவதாக நாம் கற்பனை செய்துகொள்வோம். உண்மையில் அட்டைக்குப் போவது ஒரே வரிசைதான். எட்டு இலை போட்ட பந்தியில் பரிமாறுகிறவர் முதல் இலையிலிருந்து எட்டாம் இலைவரை ஆளுக்கு ஒரு கரண்டி வைத்துக்கொண்டே போய், முடிந்ததும் மறுபடி முதல் இலைக்கு வருவதுபோல, முன்-இடம், முன்-வலம், பின்-இடம், பின்-வலம், நடு, தாழொலி, பக்க-இடம், பக்க-வலம் என்ற கிரமத்தில் தடத்துக்கு ஓர் எண்ணாக எட்டு எண்கள் வந்து ஒரு சுற்று முடிகிறது. ஃபிரேம் என்று பொறியாளர்கள் சொல்லும் இந்தச் சுற்று, விநாடிக்கு 48,000 தடவை நிகழ்கிறது. ஓர் எண்ணுக்கு இரண்டு பைட் என்று வைத்துக்கொண்டால், விநாடி ஒன்றுக்கு 7,68,000 பைட்டுகள்.

இதில் மனத்தில் இருத்த வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எந்தத் தடத்தையும் தாண்டிப்போக அட்டைக்கு வழி இல்லை. கேட்க ஆளில்லாத தடமாயினும் அதற்கு உரிய எண் வந்தே தீரவேண்டும். மௌனமாக இருக்க வேண்டிய தடத்துக்குப் பூஜ்யம் வரும். கறுப்புத் துளை வாய் திறவாமல் இருந்ததன் காரணமும் இதனால் விளங்கிவிடுகிறது. இரண்டே தடங்களுள்ள பாட்டை இரண்டு தடங்களுக்கே என்று அட்டையைத் திறந்து அனுப்பும்போது, பின் ஜோடிக்கு எந்த எண்ணும் போய்ச் சேருவதில்லை.

அட்டைக்கும் செயலிக்கும் நடுவே

அடுத்த இடையூறு, அட்டையை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது. லினக்ஸின் ஆரம்ப காலத்தில் ஹன்னு சவோலைனன் என்னும் பின்லாந்துக்காரர் 1992-இல் தொடங்கிய ஓ.எஸ்.எஸ். என்ற ஒலி அமைப்பு வழக்கில் இருந்தது. அதன் கீழ் பெரும்பாலான அட்டைகளில் ஒரு செயலி ஒலியை எழுப்பிக்கொண்டிருக்கும்போது, மற்றொரு செயலி குரல் கொடுக்க முயன்றால், கருவி வேலையாயிருக்கிறது என்ற பதில்தான் கிடைக்கும். செக் நாட்டவரான யாரொஸ்லாவ் கைசெலா தொடங்கிய ஆல்ஸா, 2003-இன் இறுதியில் வந்த 2.6 என்னும் லினக்ஸ் கருவகத்திலேயே பிரதான ஒலி அமைப்பாக இடம்பெற்றது. பலருடைய ஒலியைக் கலந்து அனுப்பவும், ஒரே அட்டையின் தடங்களைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கவும் அதில் வழிகள் உண்டு. பங்கிடும் வழிக்கு டிஷேர் என்று பெயர்.

ஆனால் அந்த வழியில் செல்ல, புள்ளியும் அடைப்புக்குறியும் நிறைந்த ஒரு கோப்பைக் கையால் எழுதவேண்டியிருந்தபடியால், சாதாரண மக்கள் அதை நெருங்கவில்லை. பின்னர், லெனார்ட் பாட்டரிங் உருவாக்கிய பல்ஸ்ஆடியோ, அட்டைக்கும் செயலிகளுக்கும் நடுவே அமர்ந்து எல்லோருடைய ஒலியையும் தானே வாங்கி, கலந்து, அட்டையிடம் சேர்ப்பிக்கும் மத்தியஸ்தனாக வந்தது. 2007-இல் ஃபெடோரா 8 அதை இயல்பான அமைப்பாக ஏற்றது. விம் டெய்மன்ஸ் எழுதிய பைப்வயர் இன்று அந்த ஸ்தானத்தைப் பெருமளவுக்குப் பிடித்துவிட்டது. பைப்வயர் பல்ஸ்ஆடியோவின் கட்டளைகளையும் புரிந்துகொள்ளுமாதலால், கீழே சொல்லப்போகும் முறை இரண்டுக்கும் செல்லும்.

மத்தியஸ்தன் வந்த பிறகு நிகழ்ந்த பெரிய மாறுதல் இது: செயலிகள் இனி அட்டையைப் பார்ப்பதில்லை, மத்தியஸ்தன் காட்டும் வாயில்களையே பார்க்கின்றன. அந்த வாயிலுக்குப் பின்னால் உண்மையில் ஓர் அட்டை இருக்கிறதா, அட்டையின் ஒரு மூலைதான் இருக்கிறதா என்று செயலிக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஆகையால், இல்லாத நான்கு அட்டைகளை இருப்பனபோல் காட்டி, அவை ஒவ்வொன்றையும் உண்மையான அட்டையின் ஒரு ஜோடித் தடத்தோடு இணைத்துவிட்டால் காரியம் முடிந்தது. இத்தகைய வாயிலை மெய்நிகர் வாயில் என்று சொல்லலாம்.

ஒரு வீடு, நான்கு அறைகள்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணிப்பொறி படிக்கும் அறையில் இருக்கிறது. பச்சைத் துளையின் ஒயர் அந்த அறையிலேயே நிற்கிறது. கறுப்பு கூடத்துக்கும், ஆரஞ்சு சமையலறைக்கும், சாம்பல் படுக்கை அறைக்கும் போகின்றன. ஒவ்வோர் ஒயரின் முனையிலும் தனக்கென்று ஆம்ப்ளிஃபையர் உள்ள ஒலிபெருக்கி ஜோடி ஒன்று இருக்க வேண்டும்; இத்துளைகளிலிருந்து வரும் மின்சாரம் வெறும் ஒலிபெருக்கியை இயக்கப் போதாது.

முதல் வேலை, அட்டையை எட்டுத் தடங்களோடு திறக்கச் சொல்வது. பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் என்னும் சிறு செயலியில் கான்ஃபிகரேஷன் என்ற பக்கத்தைத் திறந்து, அட்டையின் புரொஃபைலை ஸ்டீரியோ என்பதிலிருந்து அனலாக் சரவுண்டு 7.1 என்பதற்கு மாற்ற வேண்டும். பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். இதைச் செய்யாமல் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும், மற்ற மூன்று துளைகளும் ஊமையாகவே இருக்கும்.

இரண்டாவது, எந்தத் தடம் எந்த அறையில் ஒலிக்கிறது என்று பரிசோதிப்பது. ஸ்பீக்கர்-டெஸ்ட் என்ற கட்டளைக்கு எட்டுத் தடம் என்று சொல்லி ஓடவிட்டால், அது தடம் தடமாக இரைச்சலையோ, தடத்தின் பெயரைச் சொல்லும் குரலையோ எழுப்பிக்கொண்டு போகும். நான்கு அறைகளுக்கும் நடந்துபோய்க் கேட்டு, எந்தப் பெயர் எங்கே கேட்டது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது. நூலில் எழுதியிருப்பதையும் துளையின் நிறத்தையும்விட அந்தத் தாளே நம்பத்தக்கது. பரிசோதனைக்கு முன் ஒலியைத் தாழ்த்திவைக்க மறக்கக் கூடாது. உறங்குகிற குழந்தையின் தலைமாட்டில் ஓர் ஒலிபெருக்கி இருக்கலாம்.

மூன்றாவதே மெய்நிகர் வாயில்களை அமைப்பது. இதற்குரிய கருவிக்கு ரீமேப்-சிங்க் என்று பெயர். வாயிலுக்கு ஒன்றாக நான்கு தடவை அதை ஏற்றவேண்டும். ஒவ்வொரு தடவையும் அதற்கு ஐந்து செய்திகளைச் சொல்லவேண்டும். கூடத்தின் வாயிலை உதாரணமாகக் கொள்வோம். உன் பெயர் கூடம். உன்னுடைய எஜமான் இன்ன அட்டை. அந்த அட்டையில் உனக்கு உரிய தடங்கள் பின்-இடமும் பின்-வலமும். ஆனால் வெளியாருக்கு அவற்றை நீ முன்-இடம், முன்-வலம் என்றே காட்ட வேண்டும். இவற்றைத் தவிர வேறு தடங்களோடு கலக்கக் கூடாது. நான்காவது செய்தி சற்று விசித்திரமாகத் தோன்றலாம். பாட்டு இசைக்கும் செயலிக்குத் தெரிந்ததெல்லாம் இடம், வலம் என்ற இரண்டே. பின்-இடம் என்ற பெயரோடு ஒரு வாயிலை அதற்குக் காட்டினால் அது தடுமாறும். ஆகவே உள்ளே ஒரு பெயரும் வெளியே ஒரு பெயரும் வேண்டியிருக்கிறது. மெய்நிகர் வாயில் செய்வதெல்லாம் இந்தப் பெயர் மாற்றம் ஒன்றுதான்.

நான்கும் ஏறியபின் என்ன நிகழ்கிறது என்று ஒரே ஒரு சுற்றை நிறுத்திப் பார்ப்போம். மகள் விரிவுரையை நிறுத்திவைத்துவிட்டுக் குறிப்பெழுதுகிறாள், கூடத்தில் கச்சேரி, சமையலறையில் செய்தி, படுக்கை அறையில் ஒருவரும் இல்லை. அந்தக் கணத்தில் கச்சேரியின் இட எண் 1200, வல எண் -340 என்றும், செய்தி ஒற்றைக் குரலாதலால் அதன் எண் இரு பக்கமும் 875 என்றும் வைத்துக்கொண்டால், அட்டைக்குப் போகும் சுற்று இவ்வாறு இருக்கும்:

0, 0, 1200, -340, 875, 875, 0, 0

அவ்வளவுதான். முதல் இரண்டும் படிக்கும் அறைக்கு, அடுத்த இரண்டும் கூடத்துக்கு, அதற்கடுத்தவை சமையலறைக்கு, கடைசி இரண்டும் படுக்கை அறைக்கு. ஒருவர் பார்க்கும் திரைப்படத்தை நடத்துகிறோம் என்றே அட்டை எண்ணிக்கொண்டு, வந்த எட்டு எண்களையும் எட்டு ஒயர்களில் ஏற்றிவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கிறது. பிறகு வால்யூம் கண்ட்ரோலில் பிளேபேக் என்ற பக்கத்தில், ஒலித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயலிக்கும் நேரே உள்ள பட்டியலைத் திறந்து, இது கூடத்துக்கு, இது சமையலறைக்கு என்று தேர்ந்துவிட்டால், அந்தத் தேர்வு நினைவில் வைக்கப்பட்டு அடுத்த முறையும் அப்படியே நடக்கும்.

ஆரஞ்சுத் துளையைப் பற்றி ஒரு சந்தேகம் சிலருக்கு வரும்: தாழொலிக்கென்று பெயர் பெற்ற தடத்தில் செய்தி வாசிப்பவரின் குரல் சரியாகக் கேட்குமா? கேட்கும். உயர்ந்த ஒலிகளை வடித்துவிடும் வேலையைப் பெரும்பாலும் தாழொலிப் பெட்டியின் ஆம்ப்ளிஃபையரே செய்கிறது; அங்கே சாதாரண ஜோடி ஒன்றைச் செருகினால் மற்றத் துளைகளைப் போலவே அதுவும் பேசும்.

கலக்காதே என்ற ஒரு சொல்

ஐந்து செய்திகளுள் கடைசியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லவேண்டும். மத்தியஸ்தன் நல்லெண்ணம் உடையவன். இரண்டு தடங்களுள்ள பாட்டு எட்டுத் தடங்களுள்ள அட்டைக்குப் போகும்போது ஆறு ஒலிபெருக்கிகள் சும்மா இருப்பானேன் என்று கருதி, இடப்பக்கத்து ஒலியை எல்லா இடப்பக்கத் தடங்களுக்கும், வலப்பக்கத்தை எல்லா வலப்பக்கங்களுக்கும் பகிர்ந்து அளித்துவிடுவான். ஒருவர் அமர்ந்து கேட்கும் அறைக்கு இது உபகாரம். நான்கு அறைகளுக்கு இதுவே உபத்திரவம். கச்சேரி கூடத்தோடு நில்லாமல் வீடு முழுவதும் கசியும். ரீமிக்ஸ் வேண்டாம் என்று அந்தக் கட்டளையில் ஒரு சொல் சேர்த்துவிட்டால் கசிவு நின்றுவிடும்.

இதே காரணத்தால், மூல அட்டையை இயல்பு வாயிலாக, அதாவது தனியே வாயில் குறிக்கப்படாத ஒலிகள் தாமே போய்ச் சேரும் இடமாக, வைத்திருப்பதும் சரியன்று. கடிதம் வந்ததற்கு யந்திரம் எழுப்பும் மணியோசைகூட எல்லா அறைகளிலும் ஒலிக்கும். படிக்கும் அறையின் மெய்நிகர் வாயிலை இயல்பாக்கிவிட்டு, மூல அட்டையின் ஒலி அளவை ஓரிடத்தில் நிறுத்தி, அதன்பின் தொடாமல் இருப்பதே விவேகம். கூட்டுவதும் குறைப்பதும் அறைக்குரிய வாயிலில் நடக்கட்டும்.

நான்கு அட்டைகள் வாங்கினால்?

நானூறு ரூபாய்க்கும் கிடைக்கும் யு.எஸ்.பி. அட்டைகளை நான்கு வாங்கிச் செருகிவிட்டால் இத்தனை சிரமம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். அறைக்கு ஓர் ஒலி என்ற அளவில் அதுவும் நடக்கும். ஆனால் நான்கு அறைகளிலும் ஒரே பாட்டு ஒலிக்க வேண்டும் என்று விரும்பும் நாளில்தான் வித்தியாசம் தெரியும்.

விநாடிக்கு 48,000 சுற்று என்று கணக்கிடுவது, அட்டைக்குள் அதிரும் ஒரு சிறு படிகத்தின் வேலை. எந்த இரண்டு படிகங்களும் துல்லியமாக ஒத்து அதிர்வதில்லை. பத்து லட்சத்துக்கு 50 என்ற வித்தியாசம் இரண்டு அட்டைகளுக்கு இடையே இருப்பதாகக் கொண்டால், ஒரு மணி நேரத்தில், அதாவது 3,600 விநாடிகளில், ஓர் அட்டை மற்றொன்றைவிட 0.18 விநாடி பிந்திவிடும். இரண்டு ஒலிகளுக்கு நடுவே 0.05 விநாடி இடைவெளி ஏற்பட்டாலே நம்முடைய காது அதை எதிரொலியாகப் பிரித்து உணரத் தொடங்குகிறது. பாட்டு தொடங்கி இருபது நிமிஷத்துக்குள், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள வாசற்படியில் நிற்பவருக்குப் பாடகர் இருவராகிவிடுவார். இந்த ஓட்டத்தை இடைவிடாது கவனித்து, ஒன்றின் ஒலியைச் சிறிது நீட்டியும் சுருக்கியும் சரிசெய்யும் ஏற்பாடு மென்பொருளில் உண்டு. ஆனால் அது நோய்க்குச் செய்யும் சிகிச்சை.

ஒரே அட்டையின் எட்டுத் தடங்களுக்கோ படிகம் ஒன்றே. எட்டு எண்களும் ஒரே சுற்றில் வந்து ஒரே கணத்தில் புறப்படுகின்றன. நாள் முழுவதும் ஓடினாலும் கூடமும் சமையலறையும் ஒரு சுற்றளவுகூட விலகுவதில்லை. நான்கு வாயில்களையும் ஒன்றுசேர்த்து, வீடு முழுவதும் என்ற பெயரில் ஐந்தாவது மெய்நிகர் வாயில் ஒன்றை அமைத்துக்கொண்டால், எல்லா அறைகளுக்கும் ஒரே பாட்டை ஒரே தேர்வில் அனுப்பலாம். என் கருத்தில், ஒலித் தரம், விலை ஆகியவற்றையெல்லாம்விடப் பல தட அட்டையின் தலையாய மேன்மை இந்த ஒற்றைக் கடிகாரமே.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கடிகாரம் ஒன்றானபடியால் வேகமும் ஒன்றே. குறுந்தகட்டின் ஒலி விநாடிக்கு 44,100 எண்களில் பதிவானது; அட்டையோ 48,000-இல் ஓடுகிறது. ஒவ்வொரு 147 எண்களுக்கும் பதிலாக 160 எண்களை மத்தியஸ்தன் கணக்கிட்டுத் தரவேண்டும். இன்றைய யந்திரங்களுக்கு அது ஒரு சுமையே அன்று, காதுக்கும் தெரிவதில்லை.

நிலைக்கச் செய்தல்

கட்டளையாக ஏற்றிய வாயில்கள் கணிப்பொறியை அணைத்தவுடன் மறைந்துவிடும். நிலைத்திருக்க வேண்டுமானால், பல்ஸ்ஆடியோவில் அதே வரிகளைத் தொடக்கக் கோப்பின் இறுதியில் எழுதிவைக்க வேண்டும். பைப்வயரில் லூப்பேக் என்னும் பகுதியைக் கொண்டு அறைக்கு ஒரு பத்தியாகத் தனிக் கோப்பு எழுதுவது வழக்கம். எழுதுவதற்கு முன் பழைய கோப்பின் பிரதி ஒன்றை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

வாயிலுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. கட்டளைகள் பயன்படுத்தும் உட்பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பதே சௌகரியம். ஆனால் பட்டியலில் மனிதர் கண்ணுக்குப் படும் விவரப்பெயர் எந்த மொழியிலும் இருக்கலாம்; கூடம், சமையலறை என்று தமிழிலேயே எழுதினாலும் அது பிழையின்றித் தோன்றும். கணிப்பொறியின் ஆங்கிலம் பழகாத பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், தவறாமல் தமிழிலேயே எழுதிவையுங்கள். தங்களுக்கு வேண்டிய அறையை அவர்களே தேர்ந்துகொள்வார்கள்.